வீட்டில் சார்ஜர் மாட்ட பிரான்சில் 50 ஆயிரம் ரூபாய் மானியம்: திருச்சுழிக்காரருக்கு என்ன கிடைக்கும்?

திருச்சுழி,

பெட்ரோல் போட்டு மாளவில்லை என்று பேட்டரி ஸ்கூட்டர் வாங்குகிறவர்கள் திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி பக்கமும் வந்து விட்டார்கள். அருப்புக்கோட்டைக்கு மில் வேலைக்கும் கடை வேலைக்கும் தினமும் வண்டியில் போய் வருபவர்களுக்கு பெட்ரோல் செலவு சம்பளத்தில் ஒரு பங்கை விழுங்கி விடுகிறது. அதனால் பேட்டரி வண்டி பற்றிய பேச்சு டீக்கடை வரை வந்திருக்கிறது.

கூடவே ஒரு கேள்வியும் வந்திருக்கிறது. "வீட்டுல சார்ஜர் மாட்டினா கவர்ன்மென்ட் மானியம் தருமாமே, நெசமா?"

நேரடி பதில் இதுதான். வெளிநாடுகளில் தந்தார்கள். டெல்லியிலும் தந்தார்கள். நம்ம ஊரில் வீட்டு சார்ஜருக்கு என்று தனி மானியம் கிடையாது. ஆனால் வீட்டு மாடியில் சோலார் தகடு போடுவதற்கு 78 ஆயிரம் ரூபாய் வரை மத்திய அரசு மானியம் உண்டு. அது எல்லோருக்கும் லாபமா என்றால், இல்லை. யாருக்கு லாபம், யாருக்கு வீண் செலவு என்பதை கணக்கு போட்டுப் பார்த்துதான் இறங்க வேண்டும்.

பிரான்சில் நடந்தது என்ன?

பிரான்ஸ் நாட்டில் வீட்டில் கார் சார்ஜர் மாட்டுபவர்களுக்கு 2021-ம் ஆண்டு முதல் வரிச்சலுகை தரப்பட்டது. சார்ஜரும் அதை மாட்டும் கூலியும் சேர்த்து ஆகும் செலவில் முக்கால் பங்கை அரசே திருப்பித் தரும். முதலில் உச்சவரம்பு 300 யூரோ. 2024 ஜனவரி முதல் 500 யூரோ ஆனது. நம்ம பணத்துக்கு கிட்டத்தட்ட 50 ஆயிரம் ரூபாய். வருமான வரி கட்டாத ஏழைக் குடும்பத்துக்கும் இந்தப் பணம் கையில் கிடைக்கும். வாடகை வீட்டில் இருப்பவரும் கேட்கலாம்.

ஆனால் இஷ்டத்துக்கு ஒரு சார்ஜரை வாங்கி மாட்டிவிட்டு பணம் கேட்க முடியாது. பயிற்சி பெற்ற எலக்ட்ரீசியன்தான் மாட்ட வேண்டும். அதோடு 2024 முதல், எந்த நேரத்தில் கரண்ட் இழுக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தக்கூடிய சார்ஜருக்கு மட்டுமே பணம் என்று சொல்லி விட்டார்கள்.

காரணம் எளிது. சாயங்காலம் எல்லோரும் வேலை முடிந்து வந்து ஒரே நேரத்தில் பிளக்கை சொருகினால் மின்சாரத்துக்கு தட்டுப்பாடு வரும். நடுராத்திரியில் தானாக சார்ஜ் ஏறினால் அந்த தலைவலி இல்லை. அதற்காகத்தான் அரசு பணம் போட்டது. இந்தச் சலுகையும் 2025 டிசம்பர் 31-ந் தேதியோடு முடிந்து விட்டது.

டெல்லியில் 6 ஆயிரம்

நம் நாட்டில் இப்படி கொடுத்தது டெல்லி அரசு. 2020 ஆகஸ்டில் வந்த அதன் மின் வாகன கொள்கையில், முதல் 30 ஆயிரம் சார்ஜிங் பாயிண்டுகளுக்கு தலா 6 ஆயிரம் ரூபாய் வரை மானியம் என்று அறிவித்தார்கள். வீடு, அபார்ட்மெண்ட், கடை, ஆஸ்பத்திரி என்று எங்கே மாட்டினாலும் உண்டு.

தமிழகத்தில் 2019-ம் ஆண்டும், பிறகு 2023-ம் ஆண்டும் மின் வாகன கொள்கை வெளியானது. அதில் சார்ஜருக்கான ஊக்கத்தொகை பொது சார்ஜிங் மையங்களை நோக்கித்தான் போகிறது. மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தின் மொத்த ஒதுக்கீடு 10 ஆயிரத்து 900 கோடி ரூபாய். அதில் சார்ஜருக்கு 2 ஆயிரம் கோடி. அதுவும் பொது இடங்களில் வைக்கும் சார்ஜர்களுக்குத்தான்.

ஸ்கூட்டர் வாங்குபவருக்கு இந்தத் திட்டத்தில் வண்டி விலையிலேயே கழிவு தரப்பட்டது. 2024-25-ல் ஒரு வண்டிக்கு அதிகபட்சம் 10 ஆயிரம் ரூபாய். 2025-26-ல் அது 5 ஆயிரமாக குறைந்தது. எனவே இப்போது வண்டி எடுக்கப் போகிறவர்கள் பழைய விளம்பரத்தை நம்பிப் போகாமல், அன்றைய தேதியில் கழிவு உண்டா என்று ஷோரூமில் கேட்டு பில்லில் எழுதி வாங்க வேண்டும்.

இது தவிர, 2025-26 தமிழக பட்ஜெட்டில் ஆன்லைன் உணவு, பார்சல் டெலிவரி வேலை பார்க்கும் 2 ஆயிரம் பேருக்கு புது இ-ஸ்கூட்டர் வாங்க தலா 20 ஆயிரம் ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. அதுவும் வண்டிக்குத்தான், சார்ஜருக்கு அல்ல.

ஆகவே "சார்ஜர் மானியம் வாங்கித் தர்றோம், முன்பணம் கட்டுங்க" என்று யாராவது வீடு தேடி வந்தால் உஷாராக இருங்கள்.

ஸ்கூட்டருக்கு பெட்டி தேவையா?

சுவரில் மாட்டும் சார்ஜர் பெட்டி என்பது காருக்குத்தான். அது 7 கிலோவாட் அளவுக்கு கரண்ட் இழுக்கும். நம்ம பக்கத்து வீடுகள் பலவற்றில் வாங்கி வைத்திருக்கும் லோடு அதற்குப் போதாது. ஈ.பி. ஆபீசில் லோடு கூட்டி வாங்கிய பிறகே மாட்ட வேண்டும்.

ஸ்கூட்டருக்கு அந்த செலவு இல்லை. வண்டியோடு வரும் சார்ஜரை வீட்டு பிளக்கில் சொருகினால் போதும். பெரும்பாலான ஸ்கூட்டர் சார்ஜர்கள் ஒரு அயர்ன் பாக்சை விட குறைவாகத்தான் கரண்ட் இழுக்கும்.

வீட்டு இணைப்பில் சொந்த வண்டிக்கு சார்ஜ் ஏற்றினால் தனிக் கட்டணமா என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. வீட்டில் சார்ஜ் ஏற்றுவதற்கு வீட்டுக் கட்டணமே பொருந்தும் என்பதுதான் மத்திய அரசின் வழிகாட்டுதல். ஆனால் காசு வாங்கிக் கொண்டு அடுத்தவர் வண்டிக்கு சார்ஜ் போட்டால் அது வியாபாரம். அதற்கு வேறு இணைப்பு, வேறு கட்டணம்.

பம்ப் செட் இலவச கரண்டில் வண்டிக்கு சார்ஜ் போடவே கூடாது. அது தண்ணீர் இறைக்க மட்டும் கொடுத்தது. சோதனையில் மாட்டினால் அபராதம் வரும். தறிக்கு வாங்கிய இணைப்பும் அப்படித்தான். ஒத்தை பல்பு குடிசை இணைப்பு வைத்திருப்பவர்கள் முதலில் சாதாரண வீட்டு இணைப்புக்கு மாறிக் கொள்வதே நல்லது.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது.

தினமும் 40 கிலோ மீட்டர், மாதம் 25 நாள் என்று ஓடினால் 2 மாதத்துக்கு 2 ஆயிரம் கிலோ மீட்டர் ஆகும். 100 கிலோ மீட்டருக்கு மூன்றரை யூனிட் என்று வைத்தால், 2 மாதத்துக்கு 70 யூனிட் செலவாகும்.

அதே தூரத்துக்கு லிட்டருக்கு 45 கிலோ மீட்டர் தரும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு 44 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்றாலே 4 ஆயிரத்து 400 ரூபாய் ஆகிவிடும்.

சரி, 70 யூனிட்டுக்கு பில் எவ்வளவு? அது வீட்டுக்கு வீடு மாறும். 2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பிறகு நாம் கட்டும் கணக்கு இது. 2 மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு.

500 யூனிட்டைத் தாண்டினால் நிலைமை தலைகீழ். அந்த 2 ரூபாய் 35 காசு சலுகை பறிபோய் விடும். 101-வது யூனிட்டில் இருந்தே 4 ரூபாய் 70 காசு போடுவார்கள். 500-க்கு மேல் போகும் யூனிட்டுக்கு 8 ரூபாய் 40 காசு.

சின்ன வீடு ஒன்றை எடுத்துக் கொள்வோம். 2 லைட், 2 பேன், டி.வி., மிக்சி என்று 180 யூனிட் ஓடுகிறது. பில் 188 ரூபாய். ஸ்கூட்டர் வந்த பிறகு 250 யூனிட் ஆகும். பில் 470 ரூபாய். கூடுதலாக 282 ரூபாய்தான்.

ஏ.சி., பிரிட்ஜ், மோட்டார் எல்லாம் உள்ள வீட்டில் 450 யூனிட் ஓடுகிறது என்று வைப்போம். பில் 1,490 ரூபாய். ஸ்கூட்டர் சேர்ந்தால் 520 யூனிட். பில் 2 ஆயிரத்து 208 ரூபாய். அதே 70 யூனிட்டுக்கு இங்கே 718 ரூபாய் கூடுதல்.

500 யூனிட்டில் நின்றால் 1,805 ரூபாய். 510 ஆனால் 2 ஆயிரத்து 124 ரூபாய். வெறும் 10 யூனிட்டுக்கு 319 ரூபாய் கூடி விடுகிறது. 500-ஐ ஒட்டி நிற்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் பெட்ரோலை விட செலவு கம்மிதான். ஆனால் "கரண்ட் பில் தெரியவே தெரியாது" என்று ஷோரூமில் சொல்வது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது.

மாடியில் சோலார்: மானியம் எவ்வளவு?

வெயிலுக்கு நம்ம பக்கம் பஞ்சமே இல்லை. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ம் ஆண்டு 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. சுமார் 2 ஆயிரத்து 500 ஏக்கரில் 25 லட்சம் தகடுகள். மானாவாரி வெள்ளாமைக்கு மழை தராத வானம், கரண்டுக்கு வெயிலைத் தாராளமாகத் தருகிறது.

அந்த வெயிலை வீட்டு மாடியில் பிடிக்கத்தான் பி.எம். சூர்ய கர் திட்டம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கியது. ஒதுக்கீடு 75 ஆயிரத்து 21 கோடி ரூபாய். ஒரு கோடி வீடுகள் இலக்கு. காலக்கெடு 2026-27 நிதியாண்டு வரை.

மானியம் இப்படி. ஒரு கிலோவாட் போட்டால் 30 ஆயிரம் ரூபாய். 2 கிலோவாட் என்றால் 60 ஆயிரம். 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78 ஆயிரம், அதோடு நின்று விடும்.

நல்ல வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளுக்கு சுமார் 4 யூனிட் தரும். 2 மாதத்துக்கு 240 யூனிட். இதற்கு 100 சதுர அடி நிழல் விழாத மாடி வேண்டும்.

பகலில் உற்பத்தியாகி மிஞ்சும் கரண்ட் ஈ.பி. லைனுக்குப் போகும். ராத்திரி நாம் லைனில் இருந்து எடுப்போம். போனதையும் வந்ததையும் ஒரு மீட்டர் கழித்துக் கணக்கு பார்க்கும். அதனால் வேலை முடிந்து வந்து ராத்திரி ஸ்கூட்டருக்கு சார்ஜ் போட்டாலும் பகல் வெயில் கணக்கில் சேரும்.

யாருக்கு லாபம்?

மானியம் கணக்கிட மத்திய அரசு வைத்திருக்கும் அடிப்படை விலை முதல் 2 கிலோவாட்டுக்கு தலா 50 ஆயிரம் ரூபாய். கம்பெனி, கம்பி ஸ்டாண்டு உயரம் இவற்றைப் பொறுத்து சந்தையில் 70 ஆயிரமும் கேட்கலாம்.

மேலே சொன்ன சின்ன வீடு ஒரு கிலோவாட் போட்டால் 470 ரூபாய் பில் காணாமல் போகும். வருஷத்துக்கு மிச்சம் 2 ஆயிரத்து 820 ரூபாய். மானியம் போக கைக்காசு 20 ஆயிரம் என்றால் அதை எடுக்க 7 வருஷம் ஆகும். 40 ஆயிரம் என்றால் 14 வருஷம். கடன் வாங்கிப் போட்டால் வட்டிக்கே போய் விடும். இந்த வீட்டுக்கு அவசரம் இல்லை. 100 யூனிட் இலவசமே இவர்களுக்குப் பெரிய மானியம்.

520 யூனிட் ஓடும் வீடு 2 கிலோவாட் போட்டால் 2 ஆயிரத்து 208 ரூபாய் பில் முழுசாக நின்று விடும். வருஷத்துக்கு 13 ஆயிரத்து 248 ரூபாய் மிச்சம். கைக்காசு 40 ஆயிரம் என்றால் 3 வருஷத்தில் முதல் திரும்பி விடும். 80 ஆயிரம் என்றாலும் 6 வருஷம்தான். ஈ.பி. பிடித்தம் ஏதும் இருந்தால் மிச்சம் அந்த அளவுக்குக் குறையும்.

ஆக, இந்த மானியம் கரண்ட் அதிகம் செலவழிக்கும் வீட்டுக்கே அதிகம் உதவுகிறது. ஓட்டு வீட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலும் இருப்பவர்களுக்கு தகடு வைக்க இடமே சிக்கல். வாடகை வீட்டுக்காரர் கேட்கவே முடியாது. முன்பு 2011-ல் தொடங்கிய பசுமை வீடு திட்டத்தில், வீட்டைக் கட்டிக் கொடுத்து 5 சோலார் விளக்கையும் அரசே மாட்டிக் கொடுத்தது. அதில் ஏழை வீட்டுக்கு நேராகப் பலன் போனது. இப்போதைய திட்டத்தில் முதலில் கைக்காசு போட வேண்டும். மானியம் பிறகுதான் பேங்கில் ஏறும்.

எப்படி விண்ணப்பிப்பது?

பி.எம். சூர்ய கர் இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்து பதிய வேண்டும். கம்ப்யூட்டர் சென்டரிலும் போடலாம். பதிவு பெற்ற கம்பெனிகளின் பட்டியல் அதிலேயே இருக்கும். அந்தப் பட்டியலில் இல்லாதவரிடம் வேலை கொடுத்தால் மானியம் வராது. இந்தியாவில் தயாரான தகடுதான் போட வேண்டும்.

தகடு மாட்டி, மீட்டர் மாற்றி, ஈ.பி. அதிகாரிகள் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகு பேங்க் கணக்கு விவரம் கொடுத்தால், 30 நாளுக்குள் பணம் ஏற வேண்டும் என்பது விதி. ஜாமீன் சொத்து இல்லாமல் 2 லட்சம் ரூபாய் வரை பேங்க் கடனும் உண்டு.

நம்ம கிராமங்களில் பலருக்கு ஒரு முட்டுக்கட்டை வரும். கரண்ட் இணைப்பு இறந்து போன அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருக்கும். முதலில் அதைப் பெயர் மாற்ற வேண்டும். ஈ.பி. அட்டையிலும் பேங்க் பாஸ்புக்கிலும் பெயர் ஒன்றாக இருப்பது நல்லது. இல்லாவிட்டால் மானியம் ஏறாமல் அலைய நேரிடும்.

இன்னொன்று. பேட்டரி இல்லாத சோலாரில், ஊரில் கரண்ட் போனால் வீட்டிலும் போய் விடும். நல்ல வெயில் அடித்தாலும் வராது. லைன் வேலை பார்க்கும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அது தானாகவே நின்று விடும். "கரண்ட் கட்டே இருக்காது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கரிசல் தூசி படிந்தால் உற்பத்தி குறையும். வாரம் பத்து நாளுக்கு ஒரு தடவை காலையில் வெயில் ஏறும் முன்பு தண்ணீர் விட்டுத் துடைக்க வேண்டும்.

உயிர் முக்கியம்

சார்ஜருக்கு மானியம் இல்லை என்பதற்காக பழைய வயரில் சொருகுவது ஆபத்து. 2022 மார்ச்சில் வேலூர் சின்ன அல்லாபுரத்தில் ராத்திரி சார்ஜ் போட்டிருந்த பேட்டரி வண்டி தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி தந்தையும் மகளும் இறந்தனர். வண்டி வீட்டு வாசல் பக்கம் நின்றதால் அவர்களால் வெளியே ஓடி வர முடியவில்லை. அதே ஆண்டு டிசம்பர் முதல் பேட்டரிகளுக்கான பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது.

வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மீட்டர் போர்டில் இருந்து தனி வயர் இழுத்து, வண்டிக்கு என்றே ஒரு 15 ஆம்பியர் பிளக் வையுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனிடம் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கள். நம்ம பக்கம் மண் காய்ந்து கிடப்பதால் கோடையில் எர்த் குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்தும் பிரேக்கர் ஒன்று மாட்டி விடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்சில் சொருகாதீர்கள். வெளியே ஓடும் வழியை மறித்து வண்டியை நிறுத்தாதீர்கள். வெயிலில் ஓட்டி வந்த வண்டியை சூடு ஆறிய பிறகு சார்ஜ் போடுங்கள். கம்பெனி கொடுத்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் பயன்படுத்த வேண்டாம்.

லோடு கூட்டுவது, பெயர் மாற்றுவது, சோலார் மீட்டர் போன்றவற்றுக்கு உங்கள் பகுதி ஈ.பி. ஆபீசில் கேட்கலாம். புகார் என்றால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் 24 மணி நேரமும் பேசலாம். போவதற்கு முன்பு கடைசி 6 பில்லை எடுத்து வைத்து எத்தனை யூனிட் ஓடுகிறது என்று பாருங்கள். சோலார் வேண்டுமா, ஒரு நல்ல பிளக் மட்டும் போதுமா என்பதை அந்த பில்லே சொல்லி விடும்.